பிளாஸ்மாவால் கதிரியக்க மாசைத் துடைப்பது நடக்கிற காரியமா?

ஓரெலெக்ட்ரான் எழுதியது:

வணக்கம். இயற்பியல் முதுகலை கடைசி ஆண்டில் இருக்கிறேன். செமினாருக்குத் தலைப்பு கேட்டபோது அவசரத்தில் "கதிரியக்க மாசு படிந்த பரப்புகளைப் பிளாஸ்மாவால் சுத்தம் செய்வது" என்று சொல்லிவிட்டேன். (பிளாஸ்மா என்றால் மின்சாரத்தால் எலெக்ட்ரான்கள் பிரிந்து நிற்கிற வாயு.) பேராசிரியரும் தலையாட்டிவிட்டார். இப்போது படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது.

ஒரு கட்டுரை, கிட்டத்தட்ட அறை வெப்பநிலையிலேயே வேலை நடக்கும் என்கிறது. இன்னொன்று பத்தாயிரம் டிகிரி என்கிறது. தண்ணீர் வேண்டாம், அமிலம் வேண்டாம், கழிவே வராது, எந்தப் பரப்புக்கும் ஒத்துவரும் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். அப்படியென்றால் ஏன் இன்னும் துணியையும் அமிலத்தையும் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறார்கள்?

என் அடிப்படைக் கேள்வி: பிளாஸ்மா பட்டால் கதிரியக்கம் அழிகிறதா, ஒட்டிக்கொண்டிருந்தது பெயர்ந்து மட்டும் போகிறதா?

சந்தேகச்சாமி எழுதியது:

அழியாது. பெயர்ந்து போகும். போன இடத்தில் அதே கதிர்வீச்சோடு உட்கார்ந்திருக்கும். "கழிவே வராது" என்று எழுதியவர் எதையோ விற்கப் பார்க்கிறார். அந்த வரியை முதலில் அடித்துவிடு.

வேஃபர்காரி எழுதியது:

சாமி சொன்னது சரி. நான் கொஞ்சம் கணக்கோடு சொல்கிறேன். சிப் தயாரிக்கும் இடத்தில் பிளாஸ்மா எட்ச்சிங், அதாவது பரப்பை அரித்தெடுக்கிற பிரிவில் பதினோரு வருடமாக இருக்கிறேன். அணு உலைப் பக்கம் போனதில்லை, ஆனால் இந்தப் பிளாஸ்மாவோடு தினமும் சண்டை போடுகிறவள்.

எங்கள் மாதிரி பிளாஸ்மாவில் எலெக்ட்ரான்களின் ஆற்றல் சில எலெக்ட்ரான் வோல்ட்தான். வேதிப் பிணைப்பை உடைக்க அது தாராளம். அணுக்கருவுக்குள் கை வைக்க வேண்டுமானால் மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் கணக்கில் வேண்டும். புளூட்டோனியம்-239 சிதையும்போது துப்புகிற ஆல்ஃபா துகளுக்கே 5.15 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட். மின்மினியை ஊதிக் குளிர்காய நினைத்த குரங்குக் கதைதான். அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், 24,100 ஆண்டு என்றால் பிளாஸ்மா பட்ட பிறகும் அது 24,100தான்.

வெப்பநிலைக் குழப்பம் எல்லோருக்கும் வரும். ஒரு எலெக்ட்ரான் வோல்ட் என்பதைக் கெல்வினில் சொன்னால் ஏறத்தாழ 11,600. அதனால் "எலெக்ட்ரான் வெப்பநிலை" என்று கேட்டால் பத்தாயிரத்துக்கு மேல் சொல்வோம். ஆனால் எலெக்ட்ரான் எடை குறைந்தது. வாயு மூலக்கூறில் மோதும்போது தன் ஆற்றலில் சொற்பத்தைத்தான் கொடுக்கும். அதனால் வாயு ஐம்பது, நூறு, இருநூறு டிகிரியிலேயே நிற்கும். இதைத்தான் குளிர் பிளாஸ்மா என்கிறோம். வெல்டிங் செய்கிற, உலோகம் வெட்டுகிற பிளாஸ்மா வேறு. அங்கே வாயுவே பல்லாயிரம் டிகிரிக்குப் போகும். நீ படித்த இரண்டு கட்டுரையும் இரண்டு வேறு சாதனங்களைப் பற்றியவை.

இப்போது சுத்தம் செய்வதற்கு வருவோம். கார்பன் டெட்ராஃப்ளூரைடு என்று ஒரு வாயு. சாதாரணமாக அது எதோடும் சேராது, விஷமும் இல்லை. ஆக்ஸிஜனோடு கலந்து பிளாஸ்மா மூட்டினால் அதிலிருந்து தனி ஃப்ளூரின் அணுக்கள் கழன்று வரும். அவை சிலிக்கானைத் தொட்டால் சிலிக்கான் டெட்ராஃப்ளூரைடு என்ற வாயுவாக அதைத் தூக்கிக்கொண்டு போய்விடும். திடமாக இருந்தது காற்றோடு காற்றாகக் கிளம்பிவிடுகிறது. எங்கள் பிழைப்பே இதில்தான் ஓடுகிறது.

யூரேனியத்துக்கும் அதே வித்தைதான். ஆறு ஃப்ளூரின் சேர்ந்தால் யூரேனியம் ஹெக்ஸாஃப்ளூரைடு. 56.5 டிகிரியில் நேராக ஆவியாகிவிடும். புளூட்டோனியத்துக்கும் இப்படி ஒரு ஹெக்ஸாஃப்ளூரைடு உண்டு, கொதிநிலை 62 டிகிரி பக்கம். இந்த வாயுக் கலவையை வைத்துப் புளூட்டோனியத்தை அரித்தெடுக்கலாம் என்று அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகம் 1991-இலேயே வெற்றிட அறையில் செய்து காட்டிவிட்டது. 1990களின் பின்பாதியில் அதே ஆய்வகத்தில் வெற்றிடமே வேண்டாத, திறந்த காற்றழுத்தத்தில் ஓடுகிற ஹீலியம் பிளாஸ்மா ஜெட் வந்தது.

ஓரெலெக்ட்ரான் எழுதியது:

அக்கா, இப்போதுதான் தலை கால் புரிகிறது. ஒரு சந்தேகம். வேலை செய்வது ஃப்ளூரின் என்றால் ஆக்ஸிஜன் எதற்கு?

வேஃபர்காரி எழுதியது:

ஃப்ளூரினை இழந்த கார்பன் துண்டுகள் சும்மா இருக்காது. பரப்பில் பிசின் மாதிரி படியும், இல்லையென்றால் விட்ட ஃப்ளூரினைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும். ஆக்ஸிஜன் அந்தக் கார்பனைக் கார்பன் மோனாக்சைடு, டை ஆக்சைடு என்று அப்புறப்படுத்திவிடும். ஐந்தில் ஒரு பங்கு ஆக்ஸிஜன் இருந்தால் யூரேனியம் ஆக்சைடு அரிப்பு நன்றாக ஓடும் என்று கண்டிருக்கிறார்கள். அதற்கு மேல் போனால் ஃப்ளூரின் நீர்த்துப்போகும், வேகம் இறங்கும். சிலிக்கானிலும் கதை ஏறக்குறைய இதேதான்.

ஈயக்கவசம் எழுதியது:

தம்பி, நான் மாசு நீக்கும் குழுவில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பிளாஸ்மாவை நான் இயக்கியதில்லை. துணியை இயக்கியிருக்கிறேன். அதனால் இது எந்த வலிக்கு மருந்து என்று சொல்ல முடியும்.

க்ளவ் பாக்ஸ் என்றால் துருப்பிடிக்காத எஃகில் செய்த பெட்டி. முன்னால் கண்ணாடி அல்லது பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக், அதில் வட்டத் துளைகள், துளைகளில் தோள் வரைக்கும் நீளுகிற கையுறைகள். உள்ளே புளூட்டோனியப் பொடி வைத்து வேலை செய்வார்கள். முப்பது வருடம் ஓடிய பிறகு பெட்டியைப் பிரித்துக் கழிவாக அனுப்ப வேண்டும். அதற்கு முன்னால் உள்பக்கத்தைத் துடைக்க வேண்டும். துணியை நனை, துடை, மடி, இன்னொரு பக்கத்தால் துடை, பைக்குள் போடு, பையைச் சூடுவைத்து ஒட்டி வெளியே எடு. மறுபடி துணியை நனை.

முதல் நாள் கவுண்டர் காட்டும் கதிர்வீச்சு எண்ணிக்கை சரசரவென்று இறங்கும். எல்லோருக்கும் உற்சாகம். இரண்டாம் நாள் இறக்கம் பாதியாகும். நான்காம் நாள் எவ்வளவு தேய்த்தாலும் ஊசி அசையாது. தளர்வாகக் கிடந்த தூசு போய்விட்டது, மிச்சம் இருப்பது ஆக்சைடுப் படலத்தோடு ஒட்டிப்போனது. அது வெல்டிங் ஓரத்தில், போல்ட் மரையில், ஜன்னல் ரப்பர் உட்காரும் பள்ளத்தில் இருக்கும். விரல் போகாத இடமாகப் பார்த்துத்தான் இருக்கும்.

ஒரு முறை நானும் என் கூட்டாளியும் ஒரு பெட்டியில் மூன்று வாரம் தேய்த்தோம். பதினைந்தாவது நாள் ஒரு வெல்டிங் பிசிறு கையுறையில் மோதிர விரல் பக்கம் குத்திவிட்டது. ஊசி முனை அளவு ஓட்டை, கண்ணுக்குத் தெரியவில்லை. கையை வெளியே எடுத்து மானிட்டரில் வைத்ததும் அது கத்தியது பாருங்கள், இன்றைக்கும் அழைப்பு மணி கேட்டால் தூக்கிவாரிப் போடும். மூக்குக்குள் பஞ்சை விட்டு எடுத்தார்கள், சிறுநீர் மாதிரி எடுத்தார்கள், ஒன்றும் உள்ளே போகவில்லை என்று தெரிய நாட்கள் ஆயின. இத்தனைக்கும் விதிப்படி உள்கையுறை போட்டிருந்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், உன் செமினாரில் யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். ஈரத் துணியால் துடைத்த பரப்பில் ஆல்ஃபா கவுண்டரை உடனே வைத்தால் "சுத்தம்" என்று பொய் சொல்லும். ஒரு முடியின் தடிமன்கூட வேண்டாம், அந்த அளவு தண்ணீர்ப் படலமே ஆல்ஃபாவைத் தடுத்துவிடும். காயவிட்டு அளந்தால் எண்ணிக்கை திரும்பி வந்து நிற்கும். புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லோரும் இதில் ஒருமுறை ஏமாந்திருப்பார்கள். பிளாஸ்மா உலர்ந்த முறை, அந்தத் தொல்லை இல்லை.

ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறோம் என்றால், கழிவின் தரப் பிரிப்பு. அமெரிக்க விதியை எடுத்துக்கொள். ஒரு கிராம் கழிவில் யூரேனியத்தைத் தாண்டிய, நீண்ட ஆயுள் கொண்ட ஆல்ஃபா தனிமங்கள் 100 நானோகியூரிக்கு (கியூரி என்பது கதிரியக்கத்தின் அலகு) மேல் இருந்தால் அது ஒரு வகை. ராணுவத் திட்டங்களில் வந்த அந்த வகைக் கழிவு நியூ மெக்சிகோவில் 655 மீட்டர் ஆழத்தில் உப்புப் படுகைக்குள் 1999-இலிருந்து இயங்குகிற சுரங்கத்துக்குப் போக வேண்டும். அந்த 100 நானோகியூரிக்குக் கீழே இறக்கிவிட்டால் சாதாரணக் கீழ்நிலைக் கழிவு, மேலாகவே புதைக்கலாம். கணக்குப் போட்டுப் பார்: ஒரு கிலோ எஃகில் அந்த எல்லையைத் தொட 1.6 மில்லிகிராம் புளூட்டோனியம்-239 போதும். ஒரு டன் பெட்டிக்கு 1.6 கிராம். அந்தக் கடைசி ஒன்றரை கிராமைத் தூக்கிவிட்டால் ஒரு டன் எஃகின் தலைவிதியே மாறுகிறது.

சந்தேகச்சாமி எழுதியது:

ஈயக்கவசம் ஐயாவின் அனுபவத்துக்கு என் வணக்கம். ஆனால் நானும் ஒரு கணக்குப் போடுகிறேன்.

ஜெட்டின் முனை ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தில் படுகிறது, நிமிடத்துக்கு ஒரு மைக்ரோமீட்டர் அரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டரில் பத்தாயிரம் சதுர சென்டிமீட்டர். ஒரு மைக்ரோமீட்டர் படலத்தை எடுக்கவே பத்தாயிரம் நிமிடம், அதாவது இராப்பகலாக ஏழு நாள். ஒரு பெட்டிக்கு ஆறு முகம். படலம் ஐந்து மைக்ரோமீட்டர் என்றால்? ஐயாவின் துணி மூன்று வாரத்தில் முடித்தது.

வேஃபர்காரி எழுதியது:

துணி முடிக்கவில்லையே சாமி, ஊசி அசையாமல் நின்றுவிட்டது என்றுதானே எழுதியிருக்கிறார்.

வேகக் கணக்கு சரிதான், ஆனால் ஜெட் ஒரு புள்ளியாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. 30 சென்டிமீட்டர் நீளம், ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் பட்டையாக ஒரு தலை செய்தால் அதே சதுர மீட்டர் ஐந்தரை மணி நேரத்தில் முடிகிறது. அப்புறம் முக்கியமான வித்தியாசம், பிளாஸ்மா ஓடுகிற நேரத்தில் பெட்டிக்குள் யார் கையும் இல்லை. ராத்திரி ஓடவிட்டுப் போகலாம். முழுப் பெட்டியையுமே வெற்றிடமாக்கி உள்ளே பிளாஸ்மாவை நிரப்பினால் போல்ட் மரைக்குள்ளும் வாயு போகும்.

எஃகு விஷயத்தில் ஒரு அதிர்ஷ்டமும் உண்டு. இரும்பு, நிக்கல் ஃப்ளூரைடுகள் ஆவியாகாது. பரப்பில் ஒரு தோல் மாதிரி நின்று, கீழே உள்ளதைக் காப்பாற்றும். யூரேனியம் போன பிறகு அரிப்பு தானாகவே மந்தப்பட்டுவிடும். அமிலத்தைப் போல எஃகையும் சேர்த்துக் கரைத்துக் கழிவைப் பெருக்காது. கண்ணாடி ஜன்னலுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. அதில் சிலிக்கா இருக்கிறது, மங்கிப்போகும்.

ஓரெலெக்ட்ரான் எழுதியது:

ஒரு மைக்ரோமீட்டர் யூரேனியம் ஆக்சைடு ஒரு சதுர மீட்டரில் எவ்வளவு எடை என்று போட்டுப் பார்த்தேன். ஒரு கன சென்டிமீட்டர், 11 கிராம். ஹெக்ஸாஃப்ளூரைடாக மாறினால் 14 கிராம் சொச்சம். அமிலத்தில் கழுவினால் லிட்டர் லிட்டராகத் தண்ணீர் சேருமே! சாமி சார், இதைக் "கழிவே வராது" என்று சொன்னது முழுப் பொய் இல்லை, ஒரு மிகைப்படுத்தல், அவ்வளவுதானே?

உப்புக்கரைசல் எழுதியது:

அவசரப்படாதே தம்பி. நீங்கள் எல்லோரும் யூரேனியம், புளூட்டோனியம் என்றே பேசுகிறீர்கள். உலகத்தில் மாசு என்று மக்கள் பயப்படுவது பெரும்பாலும் சீசியத்துக்கு. அணு உலைக்குள் வேலை செய்கிறவர்கள் திட்டுவது கோபால்ட்டை. அங்கே இந்த ஃப்ளூரின் வித்தை எடுபடுமா என்று பாருங்கள்.

சீசியம் ஃப்ளூரைடு 1,250 டிகிரி பக்கத்தில்தான் கொதிக்கும். கோபால்ட் டைஃப்ளூரைடு உருகவே ஆயிரம் டிகிரிக்கு மேல் வேண்டும். ஸ்ட்ரான்சியம் ஃப்ளூரைடும் அதே ஜாதி, லேசில் ஆவியாகாத உப்பு. இவற்றின் மேல் குளிர் பிளாஸ்மாவை எவ்வளவு நேரம் காட்டினாலும் ஒரு உப்பு இன்னொரு உப்பாக மாறும், இடத்தை விட்டு நகராது. ஆறு ஃப்ளூரினைச் சுமந்துகொண்டு ஆவியாகப் பறக்கிறது யூரேனியம், நெப்டியூனியம், புளூட்டோனியம் என்று ஒரு சின்னக் குடும்பம். "எந்தப் பரப்புக்கும் ஒத்துவரும்" என்பதில் தப்பு பரப்பில் இல்லை, தனிமத்தில்.

ஈயக்கவசம் ஐயாவின் பெட்டியிலேயே ஒரு வில்லன் இருக்கிறான். பழைய புளூட்டோனியத்தில் புளூட்டோனியம்-241 கொஞ்சம் கலந்திருக்கும். அதன் அரை ஆயுள் 14 ஆண்டு சொச்சம். சிதைந்தால் அமெரிசியம்-241. முப்பது வருடப் பெட்டியில் அது நன்றாகவே சேர்ந்திருக்கும். அமெரிசியம் ட்ரைஃப்ளூரைடு ஆவியாகாது. புளூட்டோனியம் கிளம்பிப் போகும், அமெரிசியம் அதே இடத்தில் பொடியாக மிஞ்சும். ஆல்ஃபா கவுண்டர் இரண்டையும் ஒன்றாகத்தான் எண்ணும்.

கான்கிரீட் என்றால் இன்னும் மோசம். அதில் இருக்கும் கால்சியம், ஃப்ளூரினோடு சேர்ந்து கால்சியம் ஃப்ளூரைடு ஓடாகிவிடும், உருகுநிலை 1,400க்கு மேல். அதற்குள் சீசியமோ நுண்துளை வழியாக மில்லிமீட்டர் கணக்கில் உள்ளே ஊறியிருக்கும். பிளாஸ்மா தொடுவது மைக்ரோமீட்டர். கான்கிரீட்டைச் சுரண்டத்தான் வேண்டும்.

1987-இல் பிரேசிலின் கோயானியாவில் கைவிட்ட மருத்துவமனைக் கருவியை உடைத்து உள்ளே இருந்த சீசியம் குளோரைடு ஊருக்குள் பரவியது. இருந்தது 93 கிராம்தான். நான்கு பேர் இறந்தார்கள், ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களைப் பரிசோதித்தார்கள், சுத்தம் செய்து முடித்தபோது கழிவு மட்டும் 3,500 கன மீட்டர். தண்ணீரில் கரைகிற உப்பு அது, மண்ணுக்கும் சுவருக்கும் கூரைக்கும் போய்விட்டது. அப்படிப்பட்ட இடத்துக்குப் பிளாஸ்மா ஜெட்டோடு போய் நின்றால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்.

நட்சத்திரப்பொடி எழுதியது:

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். பிளாஸ்மா ஆய்வகத்தோடு நிற்கிறது என்பது மாதிரி எழுதுகிறீர்கள். சுவிட்சர்லாந்தில் வூரன்லிங்கனில் 2004-இலிருந்து ஓடுகிறது. பல்கேரியாவில் கொஸ்லொடுய் அணுமின் நிலையத்தில் 2018-இல் தொடங்கிவிட்டார்கள். கழிவு பீப்பாயை அப்படியே உள்ளே தள்ளினால் கண்ணாடி மாதிரி வெளியே வருகிறது. இதுவும் கதிரியக்கப் பிளாஸ்மாதானே?

வேஃபர்காரி எழுதியது:

அது உலை. நான் முதலில் சொன்ன சூட்டுப் பிளாஸ்மா. பீப்பாயோடு உருக்கி, எரிவதை எரித்து, மிச்சத்தைக் கண்ணாடிக் கட்டியாக்கிக் கொள்ளளவைக் குறைக்கிறார்கள். பரப்பைச் சுத்தம் செய்வது அதன் வேலையே இல்லை. இந்த இழையில் பேசுவது பொருளைப் பத்திரமாக வைத்துக்கொண்டு அதன் மேல் உள்ள தோலை மட்டும் உரிப்பது. பெயர் ஒன்று என்பதால் விளம்பரங்களில் இரண்டையும் கலந்து அடித்துவிடுகிறார்கள். உன் மேல் தப்பில்லை.

நட்சத்திரப்பொடி எழுதியது:

சரி, புரிந்தது. ஓரமாக உட்கார்ந்து படிக்கிறேன்.

ஈயக்கவசம் எழுதியது:

உப்புக்கரைசல் சொன்ன அமெரிசியம் விஷயம் முழு உண்மை. ஆனால் ஒன்று: கட்டிப் பிடித்திருந்த படலம் போய்விட்டால் மிஞ்சுகிற பொடி தளர்வாகக் கிடக்கும், அதைத் துணி எடுக்கும். பிளாஸ்மாவுக்குப் பிறகு ஒரு துடைப்பு என்று வைத்துக்கொண்டால் அந்த வில்லனைச் சமாளிக்கலாம். ஒட்டியதைத் தளர்த்திக் கொடுத்தாலே எங்களுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

என் பயம் வேறு இடத்தில். தம்பி 14 கிராம் என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறான். அந்த 14 கிராம் எங்கே போகிறது?

இத்தனை நாள் அது எஃகில் ஒட்டிக்கொண்டு ஒழுங்காக இருந்தது. இப்போது அதை வாயுவாக்கிக் குழாய்க்குள் விட்டிருக்கிறோம். எங்கள் கட்டடங்களில் கடைசிக் காவல் ஹெப்பா வடிகட்டி. அது தூசைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. யூரேனியம் ஹெக்ஸாஃப்ளூரைடு அதன் வழியாக நடந்தே போய்விடும். வழியில் ஈரக்காற்று பட்டால் யுரேனைல் ஃப்ளூரைடு என்ற பொடியும் ஹைட்ரஜன் ஃப்ளூரைடும் உண்டாகும். அந்த ஹைட்ரஜன் ஃப்ளூரைடு, வடிகட்டியில் இருக்கும் கண்ணாடி இழையையே தின்னும். தோலில் பட்டால் உள்ளே இறங்கி எலும்பு வரைக்கும் போகும், கால்சியம் குளுக்கோனேட் களிம்பைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். ஆக, வடிகட்டிக்கு முன்னால் சோடியம் ஃப்ளூரைடு உருண்டைகள் நிரப்பிய பொறி ஒன்று வேண்டும், அது ஹெக்ஸாஃப்ளூரைடைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அமில ஆவிக்கு இன்னொரு பொறி. வாயுத் திரும்பும் குழாய் சூடாகவே இருக்க வேண்டும், ஆறினால் உள்ளேயே உறைந்து படியும்.

புளூட்டோனியத்தோடு இன்னும் தொல்லை. அதன் ஹெக்ஸாஃப்ளூரைடு உறுதியில்லாத சாமான். சூடான பரப்பு பட்டாலோ, தன் சொந்த ஆல்ஃபாவாலேயோ உடைந்து டெட்ராஃப்ளூரைடாகிப் படியும். எங்கே படியும்? வளைவில், வால்வில், பம்ப்பில். பெட்டிக்குள் பரவலாக இருந்தது இப்போது ஒரே இடத்தில் குவிகிறது. அணுப்பிளவுப் பொருள் தெரியாத இடத்தில் குவிவது, அதுவும் தொடர்வினை கிளம்பிவிடுமோ என்ற பயத்தோடு என்றால் எங்கள் தொழிலில் யாருக்கும் தூக்கம் வராது. போதாக்குறைக்கு, ஆல்ஃபா ஃப்ளூரின் அணுக்கருவில் மோதினால் நியூட்ரான் வெளியே வரும். ஆக்சைடாக இருந்ததைவிட ஃப்ளூரைடாக இருக்கும்போது நியூட்ரான் பல மடங்கு. ஆல்ஃபாவுக்குக் கையுறை போதும், நியூட்ரானுக்குக் கையுறை என்ன செய்யும்?

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிடக் கூடாது. பிளாஸ்மா முனையைப் பற்றிக் கட்டுரைக்கு மேல் கட்டுரை எழுதுகிறார்கள். எனக்கு யாராவது அந்தக் கருவியைக் காட்ட வந்தால் நான் முதலில் பின்பக்கம் போய்க் குழாய் எங்கே போகிறது என்றுதான் பார்ப்பேன்.

வேஃபர்காரி எழுதியது:

ஐயா, கையெடுத்துக் கும்பிடுகிறேன். எங்கள் கருவிகளிலும் அறை கண்ணாடியாகப் பளபளக்கும், பம்ப்பைத் திறந்தால் அழுகை வரும். பராமரிப்பு ஆட்கள் முகமூடியோடு திறக்கிற ஒரே இடம் அதுதான். இத்தனைக்கும் எங்கள் பொடியில் கதிரியக்கம் இல்லை.

இன்னொரு செலவும் இருக்கிறது. பிளாஸ்மாவில் உடையாமல் தப்பிய கார்பன் டெட்ராஃப்ளூரைடு வெளியே போனால், அதே எடை கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 7,000 மடங்கு பூமியைச் சூடாக்கும். வளிமண்டலத்தில் 50,000 ஆண்டு இருக்கும். புளூட்டோனியத்தின் அரை ஆயுளைவிட நீளம்! எரித்து அழிக்கும் கருவி இல்லாமல் எங்களை ஓட்டவே விடமாட்டார்கள்.

ஓரெலெக்ட்ரான் எழுதியது:

பயமுறுத்திவிட்டீர்கள். ஃப்ளூரினே இல்லாமல் பிளாஸ்மாவால் செய்ய வழி இல்லையா?

உப்புக்கரைசல் எழுதியது:

இருக்கிறது. வேதியியலை விட்டுவிட்டு மோதலை நம்பினால் தனிமம் எது என்ற கேள்வியே கிடையாது. ஆர்கான் அயனிகளை வேகமாகப் பரப்பில் மோதவிட்டால் அணுக்கள் தெறித்துக் கிளம்பும், எதிரே ஒரு தட்டை வைத்தால் அதில் போய்ப் படியும். சீசியமா கோபால்ட்டா என்று அயனி பார்க்காது. ஐயாவின் குழாய்க் கவலையும் குறையும், ஏனென்றால் மாசு வாயுவாகப் போகாமல் தட்டில் திடமாக நிற்கிறது. வேகம்தான் ஆமை.

எனக்குப் பிடித்தது வெற்றிட வில் முறை. காற்றழுத்தத்தைக் குறைத்து உலோகப் பரப்பையே எதிர்மின்வாயாக்கி வில் மூட்டினால், சின்னச் சின்ன ஒளிப் புள்ளிகள் பரப்பில் ஓடும். அந்தப் புள்ளிகளுக்கு வெறும் உலோகத்தைவிட ஆக்சைடு இருக்கும் இடம்தான் பிடிக்கும். எங்கே துரு இருக்கிறதோ அங்கே தானாகத் தேடிப்போய் ஆவியாக்கிவிட்டு அடுத்த இடத்துக்கு ஓடும். உலைக் குழாய்களில் கோபால்ட்-60 ஒளிந்திருப்பதே ஆக்சைடுப் படலத்துக்குள்தான் என்பதால் காகிதத்தில் அருமையான பொருத்தம்.

ஆனால் அந்தக் குழாய்கள் வளைந்து நெளிந்து போகும். ஒரு நீராவி உற்பத்திக் கலத்துக்குள் மெல்லிய குழாய்கள் பல ஆயிரம். அங்கே பிளாஸ்மாவை யார் கொண்டுபோய் விடுவது? பெர்மாங்கனேட்டும் ஆக்சாலிக் அமிலமும் கலந்த நீர்த்த கரைசலைச் சுற்றவிட்டால் அது தானே எல்லா இடத்துக்கும் போய்ப் படலத்தைக் கரைத்துக்கொண்டு வரும். கரைந்த உலோகத்தை அயனிகளைப் பிடிக்கிற ரெசின் உருண்டைகளில் பிடித்துவிடலாம். இந்த வேலையில் திரவத்தை ஜெயிக்க ஒன்றும் இல்லை.

சந்தேகச்சாமி எழுதியது:

லேசரை யாரும் சொல்லவில்லையே. வெளிப்பரப்புக்கு லேசர் இருக்கும்போது பிளாஸ்மாவுக்கு என்ன வேலை? வெற்றிடம் வேண்டாம், ஃப்ளூரின் வேண்டாம், ஃபைபர் வழியாகத் தூரத்திலிருந்து இயக்கலாம்.

வேஃபர்காரி எழுதியது:

லேசர் சுட்டதும் பரப்பில் கிளம்புகிற அந்தப் பளிச்சும் பிளாஸ்மாதான் சாமி. நீங்களே எங்கள் கட்சிக்கு வந்துவிட்டீர்கள்.

சந்தேகச்சாமி எழுதியது:

வார்த்தை விளையாட்டு வேண்டாம். ஆனால் லேசருக்கு நேர்கோடு தெரிய வேண்டும், போல்ட் மரைக்குள் அது போகாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். தட்டையான எஃகுத் தகடு, கோபால்ட் என்றால் லேசர். யூரேனியமோ புளூட்டோனியமோ மூலை முடுக்கில் ஒட்டியிருக்கிறது, பெட்டி ஏற்கெனவே காற்றுப் புகாமல் மூடியிருக்கிறது என்றால் உங்கள் ஃப்ளூரின் பிளாஸ்மா. அவ்வளவு தூரம் வருகிறேன், அதற்கு மேல் இல்லை.

ஓரெலெக்ட்ரான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தலைப்பை மாற்றிவிட்டேன்: "ஆல்ஃபா மாசு படிந்த எஃகுப் பெட்டிகளில் ஃப்ளூரின் பிளாஸ்மா". பேராசிரியர் "ஏன் இவ்வளவு குறுக்கிவிட்டாய்" என்றார். சீசியம் ஃப்ளூரைடின் கொதிநிலையைச் சொன்னேன், சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

கடைசியாக ஒன்று ஐயாவிடம். மரைக்குள் சுத்தமாகிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்? ஆல்ஃபா காற்றில் சில சென்டிமீட்டர்தான் போகும் என்கிறார்கள், புரோப் உள்ளே நுழையாதே?

ஈயக்கவசம் எழுதியது:

நுழையாது. போல்ட்டைக் கழற்றி மரையைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து, குச்சியை எண்ணுவோம். தளர்வாக இருப்பதை அது காட்டும். ஒட்டியிருப்பதைக் காட்டாது. அதற்கு அந்தத் துண்டையே அறுத்தெடுத்து அமிலத்தில் கரைத்து எண்ண வேண்டும், பத்து போல்ட்டில் ஒன்றுக்கு அப்படிச் செய்வோம். அமெரிசியம் இருந்தால் அதன் மெல்லிய காமாவை வெளியிலிருந்தே பிடித்து ஓரளவு ஊகிக்கலாம். புளூட்டோனியம் போய் அமெரிசியம் மட்டும் மிஞ்சிய பெட்டியில் அந்த ஊகமும் தப்பாகும் என்பதைக் குறித்துக்கொள், யாராவது கேட்பார்கள். பேச்சு என்றைக்கு?

ஓரெலெக்ட்ரான் எழுதியது:

வியாழக்கிழமை. முதல் ஸ்லைடில் பொறியும் குழாயும் போட்டுவிட்டேன், ஐயா.

சந்தேகச்சாமி எழுதியது:

அந்த ஊதா நிற ஜெட் படத்தை எடுத்துவிட்டாயா?

ஓரெலெக்ட்ரான் எழுதியது:

மனசு வரவில்லை சார். ஆறாவது ஸ்லைடுக்குத் தள்ளியிருக்கிறேன்.